தபாலின் இடது முன்னங்கால்

ராமப்பனுக்கு மனிதர்களின் முகம் சட்டென்று நினைவில் நிற்காது. கால்களைப் பார்த்தால்தான் ஆளை அடையாளம் தெரியும். பாதத்தை உள்ளே வளைத்து நடக்கிறவர், வலது குதிகாலை மட்டும் தேய்க்கிறவர், ஒரு பக்கம் பளுவை இறக்கி நிற்கிறவர் என்று ஊரையே அவர் இடுப்புக்குக் கீழே பிரித்து வைத்திருந்தார். கல்யாணமாகிப் பதினான்கு வருஷம் ஆன பிறகும், தன் முகத்தில் மச்சம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் இந்த மனுஷனுக்குத் தெரியாது என்று மனைவி நஞ்சம்மா ஊரெல்லாம் சொல்லுவாள். அது அநியாயம். அவருக்குத் தெரியும், கொஞ்சம் யோசித்துச் சொல்லுவார்.

அவர் லாடம் அடிக்கிறவர். ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜட்கா வண்டிகள் நிற்கும் புளியமரத்தடியில் அவர் கடை. ஒரு சாக்கு, ஒரு மரப்பெட்டி, அதற்குள் சுத்தியல், குறடு, அரம், குளம்பு சீவும் கத்தி. இவ்வளவுதான் கடை. ஊரைச் சுற்றிக் கம்பெனிகள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. பெங்களூர் பஸ்ஸில் வந்து இறங்கும் என்ஜினியர்கள்கூடக் கம்பெனி வண்டி தவறினால் ஜட்காவில் ஏறித்தான் போவார்கள். எழுபத்தொன்பதாம் வருஷம் எண்ணியபோது மரத்தடியில் பதினாறு குதிரைகள் இருந்தன. அறுபத்து நாலு கால்களும் ராமப்பனுக்கு மனப்பாடம்.

ஆரம்பத்தில் அவர் குந்தாரப்பள்ளி சந்தையில் மாட்டுக்கு லாடம் அடித்துக்கொண்டிருந்தார். மாட்டைக் கயிறு போட்டுக் கீழே சாய்த்து, நாலு காலையும் சேர்த்துக் கட்டி, பிளவுபட்ட குளம்பின் இரண்டு பாதிக்கும் தனித்தனித் தகடு அடிக்க வேண்டும். மத்திகிரிப் பக்கம் குதிரைப் பண்ணை வைத்திருந்த ஒருவர் இவருடைய கைச்சுத்தத்தைப் பார்த்து, நாளைக்கு வந்து ஒரு குதிரையைப் பார் என்று கூப்பிட்டார். ராமப்பனும் போனார், பன்னிரண்டு முழக் கயிற்றோடு. மாட்டைச் சாய்ப்பது போலக் குதிரையைச் சாய்க்கப் போனார். குதிரை அவரைக் கயிற்றோடு சேர்த்து வேலி வரைக்கும் இழுத்துக்கொண்டு போயிற்று. பண்ணை முழுக்கச் சிரித்தது. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு அவரும் சிரித்தார். குதிரைக்கு நின்றபடியேதான் லாடம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டார். நாலு வருஷம் அந்தப் பண்ணையிலேயே குதிரைக் கால்களை மடியில் தாங்கிக் கிடந்த பிறகு, அவற்றைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றும் மிச்சமில்லை.

யாராவது கேட்டால் விளக்க ஆரம்பித்துவிடுவார். குதிரை நிற்பது பாதத்தில் அல்ல, நடுவிரல் நகத்தில். குளம்பு முழுவதும் ஒரே ஒரு நகம். முட்டிக்குக் கீழே சதையே கிடையாது, எலும்பும் நரம்பும்தான். குளம்பின் அடியில் நடுவே முக்கோணமாக ரப்பர் மாதிரி ஒன்று இருக்கும், அது ஒவ்வொரு அடிக்கும் அமுங்கி ரத்தத்தை மேலே தள்ளும். ஓரத்தில் கெட்டியான சுவர். சுவருக்கு உட்புறம் மெல்லியதாக ஒரு வெள்ளைக் கோடு. ஆணி அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. நகத்தை வெட்டினால் நமக்கு வலிக்காது, நகக்கண்ணில் ஊசி ஏறினால் உயிர் போகும். குதிரைக்கும் அதே கதைதான். இருபது வருஷத்தில் தன் ஆணி ஒன்றுகூட நகக்கண்ணைத் தொட்டதில்லை என்பதுதான் ராமப்பனின் சொத்து. வேறு சொத்து அவருக்குக் கிடையாது.

பதினாறு குதிரைகளில் அவருக்குச் செல்லம், ஜட்காக்காரர் திம்மராயனின் பழுப்பு நிறப் பெண் குதிரை. அதன் பெயர் தபால். ஆனேக்கல்லில் பல வருஷம் தபால் மூட்டை வண்டி இழுத்துவிட்டு ஓசூருக்கு வந்தது. போகச் சொல்லக் கன்னடத்திலும் நிற்கச் சொல்லத் தெலுங்கிலும் பேச வேண்டும். திட்டுவதென்றால் தமிழில் திட்டினால்தான் அதற்கு உறைக்கும். பழைய உத்தியோகத்தின் மிச்சமாக ஒரு பழக்கமும் இருந்தது. வழியில் எங்கே சிவப்புத் தபால் பெட்டியைப் பார்த்தாலும் நின்றுவிடும். பெட்டிக் கதவு 'டங்' என்று மூடும் சத்தம் கேட்காமல் நகராது. திம்மராயன் இறங்கிப் போய்ப் பெட்டியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வருவார். பெங்களூர் ரயிலுக்கு அவசரமாகப் போகிறவர்கள் அந்த வண்டியில் ஏறமாட்டார்கள்.

எண்பத்தொன்றாம் வருஷம் தை மாதம் திம்மராயனின் மகள் மங்கம்மாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை தொரப்பள்ளிக்காரர், கம்பெனியில் வேலை. பெண்ணை அழைத்துவர நண்பர்களிடம் சொல்லி வேன் ஏற்பாடு செய்கிறேன் என்றார். திம்மராயன் வேண்டாம் என்றுவிட்டார். மகள் சின்னவளாக இருந்தபோது, உன்னைக் கல்யாணத்துக்கு நம்ம வண்டியில்தான் கூட்டிப்போவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். வண்டிக்குப் புதுச் சாயம் அடித்தாயிற்று. தபாலுக்குப் புது லாடம் அடிக்க வேண்டும். ஆனால் ஆணி இல்லை.

லாட ஆணி பெங்களூர் சிவாஜி நகரிலிருந்து வரும். அந்த மாதம் பந்தயக் குதிரைக்காரர்கள் மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வந்த மச்சினன் பொன்னுசாமியிடம் ராமப்பன் இதைச் சொல்லிப் புலம்பினார். பொன்னுசாமி நஞ்சம்மாவின் தம்பி, கம்பெனியில் லேத்தில் இரும்பு கடையும் டர்னர். நூலிழை வித்தியாசத்தைக்கூட அளந்து கண்டுபிடிக்கிற பையன். அக்காள் வீட்டில் இட்லி ஒன்று சின்னதாக இருந்தால்கூட அவன் கண்ணுக்குத் தப்பாது. மாதிரிக்கு ஒரு ஆணி கொடுங்கள் மாமா, சூப்பர்வைசரிடம் கேட்டு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் செய்து தருகிறேன் என்று வாங்கிப் போனான்.

அடுத்த ஞாயிறு ஒரு ஸ்வீட் பெட்டியில் அறுபது ஆணிகள் வந்தன. ராமப்பன் பெட்டியைத் திறந்தவர் வாயைத் திறந்தபடியே இருந்தார். அப்படி ஓர் அழகு. ஒன்றை எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தார், நகைக் கடையில் வைக்கலாம். பொன்னுசாமி மூன்றாவது தடவை சாம்பார் ஊற்றிக்கொண்டான். அவன் காது மட்டும் சந்தோஷத்தில் சிவந்திருந்தது.

மறுநாள் தபாலுக்கு லாடம் அடித்தார். லாடக்காரர்கள் ஆணிகளை வாயில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பார்கள். அன்றைக்கு ராமப்பனின் நாக்குக்கு ஏதோ குறைந்தது. எப்போதும் நாக்கில் தட்டுப்படும் ஒன்று தட்டுப்படவில்லை. கம்பெனி வேலை, அதனால் வழவழவென்று இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அடித்த ஆணிகள் குளம்புச் சுவரில் வழக்கத்தைவிட ஒரு நெல் உயரத்தில் வெளியே வந்தன. நல்ல பிடிப்பு என்று அதற்கும் சந்தோஷப்பட்டார். பிறகு மூன்று நாள் குந்தாரப்பள்ளிப் பக்கம் போய்விட்டார், சந்தை வேலை இருந்தது.

திரும்பி வந்தபோது புளியமரத்தடியில் கூட்டம். தபால் இடது முன்னங்காலை மண்ணில் ஊன்றாமல் நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் வறட்டி நெருப்பு, அதில் இரண்டு இரும்புக் கம்பிகள் பழுத்துக்கொண்டிருந்தன. நெருப்புக்கு அருகே குந்தியிருந்தவர் வெங்கடப்பன், நொண்டும் மாட்டுக்கும் குதிரைக்கும் சூடு போடுகிறவர். நல்ல மனிதர்தான், ஆனால் எந்த வியாதிக்கும் அவரிடம் ஒரே மருந்து. தோள் பிசகியிருக்கிறது, சூடு போட்டு நாற்பது நாள் கட்டி வைத்தால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டார். கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் கிராமங்களுக்கு ஊசி போடப் போயிருந்தார். கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டே நாள். திம்மராயன் தபாலின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் அழுதது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, யாரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

கம்பியை எடுக்கும் முன் ஐந்து நிமிஷம் கொடுங்கள் என்று ராமப்பன் கேட்டார். குதிரையை நாலடி நடத்தச் சொன்னார். இடது கால் விழும்போது தலை மேலே எழுந்தது, வலது கால் விழும்போது இறங்கியது. வலி இடது முன்னங்காலில்தான், சந்தேகமில்லை. உட்கார்ந்து புறங்கையைக் குளம்பில் வைத்தார். வலது குளம்பு குளிர்ந்திருந்தது, இடது குளம்பு சுட்டது. குளம்புக்கு மேலே, பின்புறம் விரலை வைத்துப் பார்த்தார். நாடி தெறித்தது. காலை மடியில் ஏற்றிச் சுத்தியலால் ஆணிகளை ஒவ்வொன்றாக மெல்லத் தட்டினார். வெளிப்பக்கம் நாலும் ஒன்றும் இல்லை. உட்பக்கம் முதல் ஆணி, இரண்டாவது ஆணி, ஒன்றும் இல்லை. மூன்றாவதைத் தட்டினதும் தபால் காலை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டது.

ராமப்பன் சுத்தியலைக் கீழே வைத்தார். குளம்பின் உட்பக்கச் சுவர்தான் மெல்லியது. அவருடைய ஆணி அங்கே நகக்கண்ணைத் தொட்டிருக்கிறது. பெட்டியிலிருந்து பழைய பெங்களூர் ஆணி ஒன்றைத் தேடி எடுத்தார், பொன்னுசாமி செய்த ஆணி ஒன்றையும் எடுத்தார். இரண்டையும் வாயில் போட்டார். அப்போதுதான் நாக்குக்கு விஷயம் புரிந்தது. லாட ஆணியின் முனை ஒரு பக்கம் மட்டும் சாய்வாகச் சீவியிருக்கும். அந்தச் சாய்வு உள்பக்கம் பார்க்கும்படி வைத்து அடித்தால் ஆணி தானாக வெளிப்புறம் வளைந்து சுவரைத் துளைத்து வந்துவிடும். பொன்னுசாமியின் ஆணியில் சாய்வே இல்லை. கோணல் முனையைப் பார்த்து, மாதிரி ஆணி பழுதாகிப்போனது என்று நினைத்து, பையன் அதைச் சரிசெய்து கொடுத்திருக்கிறான். கம்பெனியில் கோணலாக இருந்தால் தள்ளிவிடுவார்கள். பாவம், அவன் தன் தொழிலைச் சரியாகத்தான் செய்திருக்கிறான்.

இப்போது ராமப்பன் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வெங்கடப்பன் தோளில் சூடு போடுவார். குளம்புக்குள் பிடித்த சீழ் பத்துப் பதினைந்து நாளில் தானே ஒரு வழி பார்த்து மேலே உடையும். கால் குணமாகும், பேர் வெங்கடப்பனுக்குப் போகும். ராமப்பனின் இருபது வருஷச் சொத்துக்கு ஒரு சேதமும் வராது. குதிரைக்குத் தோள் வெந்திருக்கும், மங்கம்மா வேனில் போயிருப்பாள், அவ்வளவுதான். இல்லையென்றால் கம்பெனி ஆணி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழி மச்சினன் தலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். இத்தனையும் அவருக்குத் தோன்றியது. தோன்றியதற்காகப் பிற்பாடு ரொம்ப நாள் வெட்கப்பட்டார்.

வாயிலிருந்த ஆணிகளைத் துப்பினார்.

"திம்மண்ணா, தோள்ல ஒண்ணும் இல்ல. என் ஆணிதான் குத்தியிருக்குது. தப்பு என்னுது."

திம்மராயன் அவரையே பார்த்தார். அடிப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ராமப்பனும் அதற்குத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டார்.

"மொதல்ல அதப் புடுங்குப்பா," என்றார் திம்மராயன். "அப்புறம் உன்னப் பாத்துக்கறன்."

மூன்றாவது ஆணியைக் குறடால் இழுத்தார். ஈரமாக வந்தது. பின்னாலேயே கறுப்பாக நாலு சொட்டு. தபால் நீளமாக ஒரு மூச்சு விட்டது, அந்த மூச்சில் ராமப்பனின் தலைமுடி கலைந்தது. கத்தியால் துளையைக் கொஞ்சம் அகலப்படுத்தி வடியவிட்டார். உப்பு கரைத்த வெந்நீரில் குளம்பை ஊறவைத்து, தவிட்டில் உப்புச் சேர்த்துச் சூடாகப் பற்றுப் போட்டு, சாக்குத் துணியால் கட்டினார். வெங்கடப்பன் கம்பிகளை நெருப்பிலிருந்து இழுத்துப் போட்டுவிட்டு, பற்றுக்கு வெந்நீர் காய அதே நெருப்பைக் கொடுத்தார். கோபமெல்லாம் ஒன்றுமில்லை. தான் பற்றவைத்த நெருப்பு வீண்போகவில்லை என்பதில் அவருக்குத் திருப்திதான். மறுநாள் டாக்டர் வந்து, புண்ணில் ரணஜன்னி வராமல் இருக்க ஊசி போட்டார். ஆணியைப் பிடுங்கினது யார் என்று கேட்டுவிட்டு, தனக்கு மிச்சம் வேலை ஒன்றும் வைக்கவில்லையே என்றார்.

ராமப்பன் அந்தக் காலில் மிச்சமிருந்த ஆணிகளையும் மற்ற மூன்று காலின் ஆணிகளையும் கழற்றிவிட்டார். காலையும் மாலையும் திம்மராயன் வீட்டுக்குப் போய்ப் பற்று மாற்றினார். பொன்னுசாமியிடம் ஒன்றும் சொல்லக் கூடாது என்று நஞ்சம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தார். ஆனால் ஓசூரில் பஸ் ஸ்டாண்டில் நடந்தது கம்பெனிக்குப் போய்ச்சேர ஒரு ஷிப்டு போதும். மூன்றாம் நாள் மத்தியானம் பொன்னுசாமி காக்கிச் சட்டையோடு, சட்டைப் பையில் அளவுகோலோடு மரத்தடிக்கு வந்து நின்றான். முகம் செத்துப்போயிருந்தது. என்ன தப்பு செய்தேன் என்று காட்டச் சொன்னான். அளவெல்லாம் மாதிரியோடு அப்படியே பொருந்தியிருந்ததாம்.

ராமப்பன் இரண்டு ஆணிகளைத் தண்ணீரில் கழுவி நீட்டினார்.

"அளக்காத. வாயில போடு."

கூட்டமே பார்க்க, டர்னர் பொன்னுசாமி ஆணிகளை வாயில் போட்டுக்கொண்டான். கொஞ்ச நேரம் கன்னத்தில் இப்படியும் அப்படியும் உருட்டினான். பிறகு உருட்டுவதை நிறுத்தினான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஒண்ணுல முனை சாஞ்சிருக்குது மாமா. நான் அத ரிஜெக்ட்டுன்னு நெனச்சுட்டன்."

அதை வாயில் போட்டுப் பார்க்காமல் அடித்திருந்தாலாவது பரவாயில்லை, வாயில் வைத்துக்கொண்டே அடித்தவன் நான் என்று ராமப்பன் சொன்னார். இருபது வருஷம் பழகிய நாக்கு சொன்னதைக் கேட்காமல் பளபளப்பைப் பார்த்து மயங்கியது தன் குற்றம் என்றார். திம்மராயன் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்தபடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். ஆணி எங்கிருந்து வந்தது என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. மூன்று நாளாக ராமப்பன் மச்சினன் பேச்சையே எடுக்கவில்லை. திம்மராயன் மூன்று டீ சொல்லி அனுப்பினார்.

எட்டாம் நாள் குளம்பு குளிர்ந்துவிட்டது. தபால் இடது காலை ஊன்றி நடந்தது, பத்தாம் நாள் ஓடப் பார்த்தது. லாடம் அடிக்க வேண்டிய நாளில் ராமப்பன் முன் இரண்டு பொட்டலங்கள் இருந்தன. ஒன்று சிவாஜி நகரிலிருந்து அன்று காலைதான் பஸ்ஸில் வந்தது. இன்னொன்று பொன்னுசாமி புதிதாகச் செய்தது. இந்த முறை முனையில் சாய்வு இருந்தது, சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிய ஆணித் தலையில் ஒரு கீறலும் போட்டிருந்தான். ஒவ்வொன்றையும் வாயில் போட்டுச் சோதித்தானாம், கம்பெனியில் கேலி செய்தார்களாம். ராமப்பன் பெங்களூர்ப் பொட்டலத்தைப் பிரித்தார். திம்மராயன் அவர் கையைப் பிடித்தார்.

"அந்தப் பையன் கண்ணுல தண்ணி வந்ததப் பாத்தன். அவன் ஆணியவே அடி ராமப்பா."

ராமப்பன் அடித்தார். ஒவ்வொரு ஆணிக்கும் நாக்கைக் கேட்டார், காதைக் கேட்டார். கெட்டிச் சுவரில் இறங்கும் ஆணி கணீரென்று சத்தம் போடும், மெத்தென்று கேட்டால் உடனே பிடுங்க வேண்டும். முப்பத்திரண்டும் கணீரென்றுதான் இறங்கின.

கல்யாணத்தன்று காலை தபாலின் கழுத்தில் சாமந்தி மாலை, நெற்றியில் குங்குமம். வண்டிக்குள் மங்கம்மாவும் அவள் அம்மாவும் இரண்டு அத்தைகளும். பொன்னுசாமிக்கு அன்று ஷிப்டு மாற்றிக் கிடைக்கவில்லை. வண்டிக்குப் பின்னால் ராமப்பன் நடந்தார். ஏறிக்கொள்ளச் சொல்லி எத்தனையோ பேர் கூப்பிட்டார்கள். ஏறினால் குளம்பு தெரியாது. ஓசூரிலிருந்து தொரப்பள்ளி வரைக்கும் நாலு குளம்பு தவிர வேறொன்றையும் அவர் பார்க்கவில்லை. மேளம், பட்டாசு, வழியில் யாரோ கொடுத்த பானகம், எல்லாம் அவரைத் தாண்டிப் போயின.

தொரப்பள்ளி ஊர்முகப்பில் மாப்பிள்ளை வீட்டார் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். அவர்களுக்கு ஐம்பது அடி தூரத்தில் தபால் நின்றது. நின்றுவிட்டு இடது முன்னங்காலை லேசாகத் தூக்கிக்கொண்டது.

மேளம் நின்றது. திம்மராயன் திரும்பிப் பார்த்தார். ராமப்பன் ஓடினார். வேட்டியை மடித்துக் கட்டக்கூட நேரமில்லாமல் புழுதியில் விழுந்து குளம்பைப் பிடித்தார். குளிர்ந்திருந்தது. நாடியைப் பார்த்தார், தெறிக்கவில்லை. ஆணிகளைக் கை முட்டியால் தட்டினார். தபால் அவரைத் திரும்பிப் பார்த்ததே தவிரக் காலைப் பிடுங்கவில்லை. ஒன்றும் புரியாமல் நிமிர்ந்தார். தலைக்கு மேலே வேப்பமரத்தில், சிவப்பாக, ஒரு தபால் பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் புழுதியிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். ஆரத்தித் தட்டோடு நின்ற சம்பந்தியம்மாளுக்கு என்ன நினைப்பதென்றே தெரியவில்லை. திம்மராயனுக்கு விஷயம் புரிந்து அவரும் சிரித்து, சிரிப்போடு அழுது, மேல்துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பெட்டியைத் தட்டக் கையை ஓங்கினார். அப்போது வண்டிக்குள்ளிருந்து மணப்பெண் எட்டிப் பார்த்தாள்.

"இருங்கப்பா. நின்னதுதான் நின்னுது, ஒரு லெட்டரப் போட்டுட்டே போலாம்."

மிச்சமிருந்த கல்யாணப் பத்திரிகை ஒன்றை நீட்டினாள். யாரோ பேனா கொடுத்தார்கள். ராமப்பன் பத்திரிகையை வண்டிப் படியில் வைத்து, ஒரு பக்கம் பொன்னுசாமி, டர்னர் என்று கம்பெனி விலாசமும், இன்னொரு பக்கம் ஒரு வரியும் எழுதிப் பெட்டிக்குள் போட்டார். கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். டங். தபால் தலையை ஆட்டிக்கொண்டு நடந்தது, நாலு காலும் ஒரே தாளத்தில்.

அன்று சாயங்காலம் பெண் எப்படி இருந்தாள், என்ன புடவை என்று நஞ்சம்மா விடாமல் கேட்டாள். ராமப்பன் யோசித்து யோசித்துப் பார்த்தார். வண்டியிலிருந்து இறங்கும்போது வலது காலை எடுத்து வைத்தாள், கொலுசு புதுசு என்றார். அதற்கு மேல் அவரிடம் தகவல் இல்லை.

மூன்றாம் நாள் அந்தப் பத்திரிகை கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது. ஸ்டாம்பு ஒட்டவில்லை என்று தபால்காரர் தண்டம் கேட்டார். கல்யாணம் முடிந்த செய்தியும் தபால் பெட்டிக் கதையும் பொன்னுசாமிக்கு முன்பே தெரியும், வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருக்கலாம். தண்டம் கட்டி வாங்கினான். அடுத்த ஞாயிறு சாப்பிட வந்தபோது அதைச் சட்டைப் பையில் வைத்திருந்தான். சாம்பாரைக்கூட மறந்துவிட்டு எடுத்து அக்காளிடம் காட்டினான். ராமப்பனின் கோணல் கையெழுத்தில் அதில் இருந்தது இவ்வளவுதான்:

உன் ஆணியில்தான் மங்கம்மா வந்தாள்.